கிழங்குக் கொல்லையில் நின்ற வீடு

சாந்தியாகோ
ஜனவரி 22, 2002

அன்புள்ள பெலிசாரியோவுக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்தோம். படகில் நான் வாந்தி எடுத்தேன், பேருந்தில் அமாந்தா எடுத்தாள், சாந்தியாகோவில் இறங்கியபோது எடுக்க இருவரிடமும் ஒன்றுமில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்தே வந்ததில் என் கால்கள் வீங்கிவிட்டன. அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து இப்போது ஒரே ஒரு கால்தான் செருப்புக்குள் ஒழுங்காகப் போகிறது.

விடுதி சுத்தமாக இருக்கிறது. கன்னியாஸ்திரீகள் நடத்துகிறார்கள். வைத்தியத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கி வரும் வெளியூர்த் தாய்மார்களுக்காகவே உள்ள இடம். பக்கத்துக் கட்டில்காரி யோலாந்தா, வடக்கே பாலைவனத்திலிருந்து வந்தவள். கைக்குழந்தைக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கின்றன. எங்கள் தீவில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை என்றேன், நான் அளக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

டாக்டர் ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும். அமாந்தாவின் உள்ளே வளைந்த இடது பாதத்தைப் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோலக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு வயசாயிடுச்சே, ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் போட்ட முதல் மாவுக்கட்டு, புயலில் மூன்று வாரம் படகு ஓடாமல் நழுவிப்போன கதையைச் சொன்னேன். திட்டவில்லை. "பெரிசா வெட்ட வேண்டாம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கட்டுப் போடுவோம். ஆனா ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது" என்றார். ஆகவே ஏப்ரல் வரை நான் இங்கேதான்.

போன் செய்யச் சொல்லாதே. தீவுக்கே ஒரு போன், அதுவும் இர்மா கடையில், அவளோ பெரிய மாட்டுக்காரர் ஓசியேலின் தங்கை. நான் இங்கே மூச்சு விட்டால் அங்கே ஊருக்கே இருமல் வரும். கடிதமாகவே எழுது. எழுத வராது என்று சொல்லாதே, என்னைப் பெண் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இங்கே காற்றே இல்லை, பெலிசாரியோ. காற்றில் கூரை தடதடக்காமல் எப்படித் தூங்குவது என்று தெரியவில்லை. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

உன்
ஒந்தினா


வில்மோ தீவு
பிப்ரவரி 3, 2002

அன்புள்ள ஒந்தினாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் மாடும் இருக்கிறோம். மாடு சிவப்புக் கன்று ஒன்று போட்டது. பின்னங்கால் முதலில் வந்ததால் அக்கா எர்மினியாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டும் பிழைத்துக்கொண்டன. சீம்பால் நிறைய இருந்தது, குடிக்க ஆளில்லை, அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

காலையில் அவித்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் சுட்ட கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை மில்காவோ செய்து பார்த்தேன். கிழங்கைத் துருவிப் பிழியாமலே அடுப்பில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, ரொட்டியாக வராமல் பசையாக வந்தது. அதை வைத்துச் சன்னலின் காற்று வரும் இடுக்கை அடைத்தேன்.

கரைக்கு இறங்கும் பாதை இந்த வருடம் நன்றாக அரித்துவிட்டது. மேட்டு வீட்டிலிருந்து பள்ளிக்கூடமும் கோவிலும் எவ்வளவு தூரம் என்று இப்போதுதான் தெரிகிறது. அமாந்தாவை எப்போதும் தோளில் வைத்துத்தான் ஏறினேன். அவள் வளர்வாள், நான் கிழவனாவேன். அதை நினைத்துக்கொண்டே ஏறி இறங்குகிறேன்.

குழந்தை அழுகிறாளா? எப்போது வருவீர்கள் என்று எழுது.

பெலிசாரியோ


சாந்தியாகோ
பிப்ரவரி 17, 2002

அன்புள்ள பெலிசாரியோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாட்டுக்கு ஒரு பத்தி, மகளுக்கு ஒரு வரி. போகட்டும், மில்காவோ பத்தியை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், சமையலறைச் சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது நான்காவது கட்டு. விரல் நுனியிலிருந்து தொடை வரை வெள்ளையாக, கனமாக. புதன்கிழமை சாயங்காலம் தொட்டியில் உட்கார வைத்து ஊறவைத்துப் பழைய கட்டைப் பிரிக்கிறோம், வியாழன் காலை டாக்டர் பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் புதுக்கட்டு சுற்றுகிறாள். கட்டு இல்லாத அந்த ஒரு ராத்திரி அமாந்தா தன் காலைத் தானே தடவித் தடவிப் பார்க்கிறாள். போன வாரம், "இது புதுசு" என்றாள். அழுகிறாளா என்று கேட்டாய். கட்டுப் போடும்போது அழுகிறாள். மற்ற நேரம் கட்டோடு தரையில் தவழ்ந்து விடுதியையே அதிர வைக்கிறாள்.

யோலாந்தா ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அவ காலை எப்பவும் போர்வையால மூடியே வெச்சிருக்க? இங்க எல்லாப் பிள்ளைக்கும் அதே கால்தானே?" நான் மூடுவதே எனக்குத் தெரியாது. கை தானாகச் செய்கிறது. அப்புறம் அவளிடம் சொன்னேன். எங்கள் தீவுக் காட்டில் திராவுகோ என்று ஒரு குள்ளன் இருக்கிறான், பாதமே கிடையாது, வெறும் கட்டைக்கால், அவன் கண் பட்டால் பெண்கள் மயங்கிவிடுவார்களாம், கோணல் காலோடு ஒரு குழந்தை பிறந்தால் அது புருஷனுடையது இல்லை, அவனுடையது என்பார்கள் என்று சொன்னேன். யோலாந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உன் புருஷன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

என்ன சொன்னாய் நீ? ஞானஸ்நான விருந்தில் ஓசியேல் கோப்பையைத் தூக்கி, "பெலிசாரியோ, பொண்ணுக்கு மூஞ்சி உன்னுதுதான், கால் மட்டும் காட்டுலேருந்து வந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, பார்த்தேன். ஆனால் வாயும் திறக்கவில்லை. உன் கோப்பைக்குள் ஈ விழுந்ததுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் இர்மா கடையிலும் கோவில் வாசலிலும் 'திராவுகோ மகள்' என்று அது அவளுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. வேடிக்கைக்குத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். அமாந்தாவுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் அதற்கு அர்த்தம் கேட்கிறாள்.

அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் நீ என்ன சொல்வாய்? இதை மட்டும் எனக்கு எழுது. மாட்டைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

ஒந்தினா


வில்மோ தீவு
மார்ச் 2, 2002

அன்புள்ள ஒந்தினாவுக்கு,

நீ கேட்டதைப் படித்தேன். இரண்டு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிழங்கு தோண்டினேன். எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். வேலை சொன்னால் செய்வேன்.

அதனால் ஒரு வேலை செய்யலாம் என்று இருக்கிறேன். வீட்டைக் கரைக்கு இழுத்துவிடுவது. நம் நிலம்தான் மேட்டிலிருந்து கடல் வரை நாடாவாக இறங்குகிறதே. மேலே வீடு, நடுவே கிழங்குக் கொல்லை, கீழே சும்மா கிடக்கும் புல். வீட்டை அடிக்கட்டையிலிருந்து பெயர்த்து, கீழே சறுக்குமரம் கொடுத்து, மாடு பூட்டி ஊர் கூடி இழுத்தால் ஒரே நாளில் புல்லுக்கு வந்துவிடும். உன் மாமா வீட்டை அப்படித்தானே கொண்டுபோனார்கள், அடுப்பில் நெருப்புகூட அணையாமல். அங்கே இருந்தால் அமாந்தாவுக்குப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். படகுத்துறை வாசலிலேயே. மேடு ஏறவே வேண்டாம்.

கிழங்கு எடுத்து முடிந்ததும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஊரைக் கூப்பிட்டு மிங்கா வைக்கலாம், கூலி கிடையாது, விருந்தும் பதிலுக்கு உழைப்பும்தான். விருந்துக்கு ஆடு இரண்டு இருக்கிறது. குடிக்க ஆப்பிள் கள், சிச்சா, அக்கா தருகிறாள்.

நீங்கள் திரும்பி வரும்போது படகிலிருந்தே வீடு தெரியும். எனக்கு அந்த நினைப்பு பிடித்திருக்கிறது. இங்கே யாரோடும் பேச ஒன்றுமில்லை, அதனால் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெலிசாரியோ


சாந்தியாகோ
மார்ச் 14, 2002

பெலிசாரியோவுக்கு,

இன்று காலை குதிகால் தசைநாரை வெட்டினார்கள். பயப்படாதே, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னக் கீறல், ரொட்டி சுடும் நேரம்கூட ஆகவில்லை. என்னை வெளியே உட்கார வைத்தார்கள். யோலாந்தா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். உன் கை இருந்திருக்க வேண்டிய இடம். இப்போது மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. அதற்கப்புறம் இரண்டு பூட்ஸ், நடுவே ஒரு கம்பி, பாதம் வெளிப்பக்கம் பார்க்கும்படி பூட்டியது. கொஞ்ச நாள் பகலிலும் நிறைய நேரம், அப்புறம் தூங்கும்போது மட்டும், நாலைந்து வயது வரை. ஒரு ராத்திரி விட்டால்கூடப் பாதம் பழைய வழிக்குத் திரும்பப் பார்க்குமாம்.

வீட்டை இழுக்கப் போகிறாய் என்று சொன்னேன். "வீட்டையா? வீட்டை எப்படி இழுப்பாங்க? அதுக்குச் சக்கரம் இருக்கா?" என்று யோலாந்தா அன்று முழுக்க என்னை விடவில்லை. மாடு கட்டி இழுப்போம் என்று சொல்லச் சொல்ல, திராவுகோவை நம்பினாலும் நம்புவேன், இதை நம்ப மாட்டேன் என்கிறாள்.

நான் உன்னிடம் கேட்டது ஒரு வாக்கியம். நீ தருவது ஒரு வீடு. அந்த வீட்டையும் எதற்காக இறக்குகிறாய்? அவள் ஏற மாட்டாள் என்று. இங்கே ஊர் பேர் தெரியாத ஒரு பெண் வாராவாரம் என் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இவள் ஓடுவாள், இவள் நடனம் ஆடுவாள் என்கிறாள். அவளைப் பெற்ற நீயோ படியில்லாத இடம் பார்த்து வைக்கிறாய். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். அவள் எப்படி நடப்பாள் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

இன்னொன்று. நம் தீவில் இழுப்புக்குத் தோதான மாடு யாரிடம் இருக்கிறது? ஓசியேலிடம். நான்கு ஜோடி. மருமகன்களைச் சேர்த்தால் இன்னும் மூன்று. அவர் வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றி நிற்கப் போகிறாயா?

சமையலறைச் சகோதரிக்கு வயதாகிவிட்டது. எனக்கு இங்கேயே வேலையும் எங்கள் இருவருக்கும் ஓர் அறையும் தருகிறேன் என்கிறார். அமாந்தாவை மாதம் ஒருமுறை காட்டவும் வசதி. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒந்தினா


வில்மோ தீவு
மார்ச் 27, 2002

அன்புள்ள ஒந்தினாவுக்கு,

குழந்தைக்கு வெட்டினார்கள் என்று படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டேன். அக்காவிடம் ஓடினேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "வெட்டினது புள்ளைக்கு, மயக்கம் உனக்கா?" என்றாள். அமாந்தா எப்படி நடப்பாள்? இப்போது கேட்கிறேன். உண்மையில் கேட்கப் பயமாக இருந்தது.

வீடு வீடாகப் போய் ஆள் கேட்டுவிட்டேன். எல்லா வீட்டிலும் மாத்தே டீ குடிக்காமல் விடவில்லை, வயிறு இரண்டு நாள் கொதித்தது. ஓசியேல் வீட்டுக்கும் போனேன். நீ கோபப்படுவாய். ஆனால் புயலில் நம் கூரை பறந்தபோது முதலில் ஏணியோடு வந்தவர் அவர்தான், அதையும் நீ மறக்கக் கூடாது. வாசலில் நிற்க விடவில்லை, உள்ளே உட்கார வைத்தார். "உனக்கில்லாததாடா? நாலு ஜோடியும் வரும். பசங்களும் வருவானுங்க. நானே முன்னாடி நின்னு குரல் கொடுக்கறேன்" என்றார். ஏப்ரல் 13 என்று முடிவாகிவிட்டது.

சமையல் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். உன் சமையலைச் சாப்பிட்டவர்கள் உன்னை விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்வது? வராதே என்று என்னால் எழுத முடியாது. வா என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் இந்த வீட்டை எங்கே இழுத்து வைத்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பெலிசாரியோ


சாந்தியாகோ
ஏப்ரல் 6, 2002

பெலிசாரியோவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். பாதம் நேராக இருக்கிறது. கொஞ்சம் சின்னது, கெண்டைக்கால் கொஞ்சம் மெலிவு, ஆனால் உள்ளங்கால் முழுதும் தரையில் படுகிறது. நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை.

ஓசியேல் வீட்டுக்குப் போயிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. கூரைக்கு ஏணி கொண்டு வந்தார், சரி. அதற்காக என் மகள் வாழ்நாள் முழுக்க அவர் சிரிப்பைக் கேட்க வேண்டுமா? அவருடைய மாடு இழுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவரை எப்படி நீ எதிர்த்துப் பேசுவாய்? இப்போதே பேசாதவன் அப்போது பேசுவாயா?

அந்த இழுப்பை நிறுத்து. அவர் மாடு நம் வீட்டைத் தொட்டால் நான் சகோதரியிடம் சரி என்று சொல்லிவிடுவேன். நேராக்கிய காலோடு அவளை மறுபடியும் அந்தப் பேச்சுக்கு நடுவே கூட்டி வர என்னால் முடியாது. எனக்கு உன் மேல் அன்பு இல்லாமல் இல்லை. உன்னோடு இருக்கும்போதும் நான் தனியாகவே இருந்தேன் என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

ஒந்தினா


வில்மோ தீவு
ஏப்ரல் 16, 2002

அன்புள்ள ஒந்தினாவுக்கு,

உன் ஆறாம் தேதிக் கடிதம் நேற்றுப் படகில்தான் வந்தது. அதற்குள் சனிக்கிழமை முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நல்ல வெயில். பதினோரு ஜோடி மாடு வந்தது. அக்காவும் பெண்களும் விடிவதற்கு முன்பே விருந்துக்குக் குழி வெட்டிக் கல்லை நெருப்பில் காய வைத்து, சிப்பியும் கறியும் கிழங்கும் அடுக்கி மூடிவிட்டார்கள். வீட்டை அடிக்கட்டையிலிருந்து பெயர்த்துச் சறுக்குமரத்தில் ஏற்றினோம். சன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. வாசல்மேடு தாண்டி நன்றாக இறங்கியது. கிழங்குக் கொல்லைக்கு வந்தபோது மாடுகளுக்கு மூச்சு வாங்க நிறுத்தினோம். சிச்சா சுற்றி வந்தது.

அப்புறம் ஓசியேல் தார்க்குச்சியைத் தூக்கிக் குரல் கொடுத்தார். வழக்கமாக என்ன சொல்வார்கள், ஏலேலம் போடுவார்கள், அவ்வளவுதானே. அவர், "இழுங்கடா டேய்! திராவுகோ மகளுக்கு அரண்மனை வருது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எர்மினியா அக்காவின் பிள்ளைகள்கூட. மாடு முன்னே காலெடுத்து வைத்தது.

நான் முன்னே போய் மாட்டுக்கு எதிரே நின்றேன். யோசித்து நிற்கவில்லை. "ஓசியேல் ஐயா, அவ பேரு அமாந்தா. என் மக. உங்க மாட்ட அவுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்னடா, குடிச்சிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "மிங்காவுக்கு வந்தவனைப் போகச் சொல்றியா? வேடிக்கைக்குச் சொன்னதுக்கா?" என்று கேட்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன், ஒந்தினா. அவருக்கு உண்மையிலேயே வலித்தது. நம் தீவில் கைகொடுக்க வந்தவனை யாரும் திருப்பி அனுப்பியதில்லை, எனக்குத் தெரியும். "ரெண்டு வருஷமா எனக்கு அது வேடிக்கையா இல்ல" என்றேன். நானே குனிந்து அவருடைய முதல் ஜோடியின் கயிற்றை அவிழ்த்தேன். மருமகன்கள் தங்கள் ஜோடிகளையும் அவிழ்த்தார்கள். சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று அக்கா கெஞ்சினாள். யாரும் சாப்பிடவில்லை. குழியைத் திறக்கும்போது நாங்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தோம்.

மிச்சம் நான்கு ஜோடி. கிழங்கு தோண்டிய மண் வேறு, பொதபொதவென்று இருந்தது. சறுக்குமரம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. வீடு அங்கேயே நிற்கிறது, கொல்லை நடுவே, கடல் பக்கம் சாய்ந்துகொண்டு. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

திங்கட்கிழமை ஓசியேல் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குக் கொடுத்தது அரை நாள், அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா. மதியம் வரை அவருக்கு விறகு பிளந்தேன். அவர் சன்னலில் நின்று பார்த்தார், நான் பார்க்கவில்லை. மாத்தே அனுப்பினார்கள், குடிக்கவில்லை. பிளந்ததை அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோதுதான் உன் கடிதம் கிடைத்தது. அவர் மாடு நம் வீட்டைத் தொட்டது, அது உண்மை. நீ சகோதரியிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். பாதம் நேராக இருக்கிறது என்ற வரியை மட்டும் நான் தனியாகக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெலிசாரியோ


வில்மோ தீவு
மே 5, 2002

அன்புள்ள ஒந்தினாவுக்கு,

மூன்று தடவை படகு வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. நீ எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் துறைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

சாய்ந்த வீட்டில் இருக்கக் கற்றுக்கொண்டேன். கட்டில் ராத்திரியில் தானாக நகர்ந்து கீழ்ச்சுவரில் போய் நிற்கிறது, நானும் அதோடு போகிறேன். சூப்பைத் தட்டில் ஊற்றினால் ஒரு பக்கம்தான் நிற்கிறது, அந்தப் பக்கமே குடிக்கிறேன். கதவைத் திறந்தால் திறந்தபடியே கிடக்கிறது. உள்ளே யாரும் வருவதுமில்லை. மாத்தே குடிக்க யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இர்மா கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு முன்பு பேச்சு வரவில்லை, இப்போது பேச ஆளில்லை.

அக்கா, "போய் ஒரு வார்த்தை மன்னிச்சிருங்கன்னு சொல்லு, நாளைக்கே ஏழு ஜோடியும் வந்து நிக்கும். குளிர்காலம் முழுக்க இப்படிச் சாஞ்சே கிடப்பியா?" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். கேட்க மாட்டேன், ஒந்தினா. வீடு இப்படியே அழுகினாலும் சரி.

நீ அங்கேயே இருப்பதாக முடிவு செய்திருந்தால் அமாந்தாவின் இரண்டு பாதத்தின் அளவும் காகிதத்தில் வரைந்து அனுப்பு. குளிருக்குக் கம்பளிக் காலுறை பின்னித் தர அக்காவிடம் சொல்கிறேன். இடது கால் சின்னது என்று எழுதியிருந்தாய், அதனால் இரண்டையும் தனித்தனியாக வரை.

பெலிசாரியோ


சாந்தியாகோ
மே 11, 2002

என் அன்புள்ள பெலிசாரியோவுக்கு,

நான் கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. கம்பி பூட்ஸ் குதிகாலில் உரசிப் புண்ணாகிவிட்டது. புண் ஆறக் கழற்றி வைத்தோம், அந்தக் கொஞ்ச நாளிலேயே பாதம் உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. டாக்டர் மறுபடியும் இரண்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டார். போட்ட வேலை எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். ராத்திரி பகலாக அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் சனிக்கிழமைக் கடிதம் வந்தது அந்த நாட்களில்தான். படித்தேன், மடித்தேன், திரும்பப் படித்தேன். என் மகளுக்கு நடக்க வருமா என்று தெரியாமல் உனக்கு நான் எதைச் சொல்வது?

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். பாதம் நேராக இருக்கிறது. வேறு பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், உரசவில்லை. நேற்றுக் காலை அமாந்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடியை விட்டாள். யோலாந்தாவின் கட்டில் வரை வந்து, அங்கேயிருந்து சன்னல் வரை போனாள். குதிகால் முதலில் ஊன்றி, அப்புறம் விரல். யோலாந்தா கத்திய கத்தில் சகோதரிகள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அமாந்தாவுக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மழை எங்க?" என்று கேட்டாள்.

விறகு பிளந்த கதையை யோலாந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நான் அழுதேன். இப்படி ஒரு மனுஷனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாய் என்றாள். தெரியவில்லை, போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

சகோதரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரிகூடத் தவறாமல் பூட்ஸ் போடுவேன் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டர். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தூங்கினாலும் இன்னொருவர் நினைவுபடுத்தலாம். பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் அடுத்த தடவை நீதான் வாந்தி எடுக்க வேண்டும்.

மே 23, வியாழக்கிழமைப் படகில் வருகிறோம்.

ஓசியேலிடம் மன்னிப்புக் கேட்காதே. யார் வாசலுக்கும் போகாதே. வீட்டைக் கீழே இழுக்கவே வேண்டாம். சாய்ந்த மூலையில் கல் கொடுத்து மட்டமாக நிமிர்த்து, அது போதும். வாசலில் படி கட்டு. கரையிலிருந்து கிழங்குக் கொல்லை வரை அவள் நடந்து வருவாள். நேரமாகும், நடுவில் உட்காருவாள், ஒருவேளை அழுவாள். கரையில் நின்று ஊரே வேடிக்கை பார்க்கட்டும். நீ மட்டும் இறங்கி ஓடி வந்து அவளைத் தூக்கிவிடாதே. கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நில்.

உன்
ஒந்தினா